கொரியா வண்டி

அம்பயருங்களைக் கூட்டிட்டுப் போறதெல்லாம் ஒரு பொழப்பா மேடம், நீங்களே சொல்லுங்க. ஏறுவாங்க, உக்காருவாங்க, போனைப் பார்ப்பாங்க, எறங்குவாங்க. ஜெயிக்கிறதும் இல்ல, தோக்கறதும் இல்ல. ஒருத்தர் அழுது நான் பார்த்ததில்ல. ஒரு வாரம் அவங்களை ஓட்டினா வண்டிக்கே தூக்கம் வந்துடும்.

ஏசி போதுமா? கொறைக்கவா? சரி சரி. ஏர்போர்ட்டுக்கு எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். சிங்கப்பூர்ல ஃப்ளைட் மாறி வர்றாங்க, பத்தே முக்காலுக்குத்தான் எறங்கறாங்க, பார்த்துட்டேன். டென்ஷனே வேணாம்.

நீங்கதானே இந்த வருஷம் கொரியா டீமுக்கு மொழிபெயர்க்கறது? ஒரகடத்துல கம்பெனில கொரியாக்காரங்களுக்குப் பேசறவங்கன்னு ட்ரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் சொன்னாரு. உங்களை ஏர்போர்ட்டுல விடற ட்யூட்டியை நானே கேட்டு வாங்கினேன் மேடம். உங்ககிட்ட ஒரு சின்ன விஷயம் பேசணும். பயப்படாதீங்க, சின்ன விஷயம்தான்.

எம்பேரு தணிகாசலம். புதுப்பேட்டை. ஜனவரி மாசம் நடக்கற இந்த பேட்மிண்டன் டோர்னமென்டுக்கு மொத வருஷத்துலேர்ந்து வண்டி ஓட்டறேன். இது பதினோராவது வருஷம். அதுல எட்டு வருஷம் கொரியா வண்டி. கொரியா வண்டின்னாலே தணிகாசலம்தான், வாட்ச்மேன்கூட போர்டைப் பார்க்க மாட்டான், என் மூஞ்சியைப் பார்த்து கேட்டைத் தொறப்பான். அப்படி இருந்தவனைத் தூக்கி, ரெண்டு வருஷமா அம்பயர் வண்டில போட்டிருக்காங்க. இது மூணாவது வருஷம். ஏன்னு இன்னி வரைக்கும் யாரும் சொல்லல.

எனக்குத் தெரியும் மேடம். ஜெயசீலன்னு ஒருத்தன், புதுசா வேன் எடுத்தான். சீட்டுக்கு சீட்டு செல்போன் சார்ஜர் வெச்சிருக்கானாம். செல்லுல சார்ஜ் ஏறினா ஸ்மாஷ் விழுந்துடுமா? நான் யாரையும் குறை சொல்றவன் இல்ல. ஆனா அவன் பெரியமேட்டு ஸ்டேடியத்துக்கே போனைக் கேட்டுக் கேட்டுத்தான் வருவான். மெட்ராஸ்ல பொறந்தவன் செய்யற வேலையா இது?

நீங்க ஒரு வார்த்தை இன்சார்ஜ்கிட்ட சொன்னீங்கன்னா வண்டி மாறிடும். கொரியா டீம் மொழிபெயர்ப்பாளர் கேட்டா அவரு மறுக்க மாட்டாரு. நான் கேக்கறது அதான். அதுதான் மொத விஷயம். ரெண்டாவது ஒண்ணு இருக்கு, அது அப்பறம்.

கொரியா டீம் வண்டில ஏறும்போது நீங்க பார்க்கணும். நம்மாளுங்க மாதிரி ஜன்னல் சீட்டுக்கு முண்டியடிக்க மாட்டாங்க. எல்லாம் வயசுப்படி. சீனியருங்க கடைசி வரிசை, காலை நீட்டி உக்காருவாங்க. அதுக்கு முன்னாடி நடு வயசு. முன்வரிசைல சின்னதுங்க. எல்லாத்துலயும் சின்னது எதுவோ அது டிரைவர் பக்கத்துல. மடியில தண்ணி பாட்டில் பொட்டி, காலுக்கடியில ஷட்டில் டப்பா. அதுதான் கடைசியா எறங்கும், எல்லார் பையையும் பார்த்து எடுத்துட்டு.

மொத வருஷம் அப்படி எம்பக்கத்துல உக்காந்தது ஒரு பதினெட்டு வயசுப் பொண்ணு. ஓக் ஹே-ரிம். வாயில நுழையல மேடம். ரிம்மான்னு கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துச்சு. அன்னைலேர்ந்து அதான் பேரு. அப்பால டீம்ல மத்த பொண்ணுங்களும் "ரிம்மா, ரிம்மா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்கன்னா பார்த்துக்கோங்க.

அந்த வருஷம் செவ்வாக்கெழமை மொத மேட்சே தோத்துடுச்சு. தோத்தா ஓட்டல்ல படுத்துத் தூங்கலாம்ல? கெடையாது. சீனியருங்க ஆடற வரைக்கும் தெனம் வரணும், பாட்டில் ரொப்பணும், ஈரத் துண்டைக் காயப்போடணும். புதன்கெழமை காலைல எம்பக்கத்துல உக்காந்து ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டு சத்தமில்லாம அழுவுது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு மேடம், பார்க்க முடியல. டேஷ்போர்டுல கமர்கட் வெச்சிருந்தேன், ரெண்டு எடுத்துக் கொடுத்தேன். கடிச்சிச்சு. பல்லுல ஒட்டிக்கிச்சு. அழுதுக்கிட்டிருந்த பொண்ணு சிரிக்க ஆரம்பிச்சிடுச்சு.

ஏன் சிரிக்குதுன்னு அப்ப இருந்த மொழிபெயர்ப்பு மேடம்கிட்ட கேட்டேன். அவங்க ஊர்ல பரீட்சைக்குப் போறவங்களுக்கு இந்த மாதிரி ஒட்டற மிட்டாய்தான் கொடுப்பாங்களாம். ஒட்டினா பாஸாம். கடல்பாசி சூப்பு மட்டும் குடிக்க மாட்டாங்களாம், வழுக்கி விட்டுடுமாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அட, இவங்களும் ராசி பார்க்கற ஜனங்க! கண்ணு சின்னதா இருந்தா இன்னா, நம்மாளுங்கதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

இப்ப ராசின்னதும் நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க. ரெண்டாவது வருஷம் நடந்ததைக் கேளுங்க.

ஓட்டல் தேனாம்பேட்டைல. ஸ்டேடியத்துக்கு எழும்பூர் வழியா போனா இருபது நிமிஷம். அந்த வியாழக்கெழமை எழும்பூர்ல ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டாங்க. நான் சிந்தாதிரிப்பேட்டைக்குள்ள பூந்து, மீன் மார்க்கெட்டை ஒட்டினாப்ல வந்தேன். உள்ள எல்லாரும் மூக்கைப் புடிச்சிக்கிட்டாங்க. ரிம்மா மட்டும் ஜன்னலைத் தொறந்து வஞ்சிரத்தைப் பார்க்குது. அதோட அப்பா கடலோர ஊர்ல மீன் விக்கறவராம். அன்னைக்கு டபுள்ஸ்ல அதும் அதோட ஜோடியும் சேர்ந்து மூணாவது ரேங்க் ஜப்பான்காரங்களை அடிச்சிட்டாங்க. மறுநாள் ரோடு தொறந்துச்சு. எழும்பூர் வழியா போனேன். தோத்துட்டாங்க. இதுக்கு மேல இன்னா ஆதாரம் வேணும்?

மூணாவது வருஷத்துலேர்ந்து தெனம் மீன் மார்க்கெட் வழிதான். கோச் பியோன்னு ஒருத்தர், எப்பவும் வாட்சைப் பார்ப்பாரு. ஏன் சுத்திப் போறேன்னு கேட்டாரு. "டிராஃபிக்"ன்னு சொல்லிட்டேன். பத்து நிமிஷம் கூட ஆகும், அவ்ளோதான். அந்த வருஷம் செமிஃபைனல்.

நாலாவது வருஷம் ஜோடியை மாத்திட்டாங்க. அவங்க ஊர்ல அது ஒரு வழக்கம் மேடம். ரெண்டு பேரு நல்லா ஆடிக்கிட்டிருப்பாங்க, ஒரு நாள் கோச் வந்து, நீ அவளோட, இவ இவளோடன்னு பிரிச்சிடுவாரு. நம்ம ஊர்ல வீடு மாத்தறதுக்குக்கூட பால் காய்ச்சுவோம். அங்க அதுவும் கெடையாது. நேத்து வரைக்கும் கூட ஆடின பொண்ணு இன்னைக்கு நெட்டுக்கு அந்தப் பக்கம். வண்டில ரெண்டும் ஒரே வரிசைலதான் உக்காரணும். ஒண்ணு இந்த ஜன்னல், ஒண்ணு அந்த ஜன்னல்.

பையனுங்க கதை வேற. ஏஷியன் கேம்ஸ்ல தங்கம், இல்லன்னா ஒலிம்பிக்ஸ்ல ஏதாச்சும் ஒரு மெடல் வாங்கிட்டா மிலிட்டரிக்குப் போறதுலேர்ந்து தப்பிச்சிக்கலாமாம். ஒருத்தன் வெள்ளி வாங்கிட்டு வந்தான், ஏஷியன் கேம்ஸ்ல. வெள்ளி மேடம்! நம்ம ஊரா இருந்தா பேனர் வெப்பாங்க. அவன் மொகத்துல ஈயாடல. அடுத்த ஜனவரி அவன் வரல, மொட்டையடிச்சிக்கிட்டு மிலிட்டரில இருக்கான்னாங்க.

அஞ்சாவது வருஷம் ரிம்மா கோப்பை ஜெயிச்சுது. ஞாயித்துக்கெழமை சாயங்காலம். இந்த ஞாயித்துக்கெழமைன்னா இன்னான்னு உங்களுக்குச் சொல்லணும். செவ்வாக்கெழமை வண்டி நெறைய ஆள் இருக்கும். தோக்கத் தோக்க கொறையும். வெள்ளிக்கெழமை எட்டு பேரு. சனிக்கெழமை நாலு. ஞாயித்துக்கெழமை வண்டி எடுக்கறான்னா அந்த டிரைவர் டீம்ல எவனோ ஃபைனல் ஆடறான்னு அர்த்தம். மத்த டிரைவருங்க டீக்கடைல நின்னு பார்ப்பானுங்க. அன்னைக்கு நான் ஹாரன் அடிச்சிக்கிட்டே போனேன். கோப்பையை வண்டிக்குக் கொண்டாந்து, மொதல்ல என் கையில கொடுத்துச்சு. கோச்சுக்கு முன்னாடி. என் கையில.

அப்பறம் அது எங்கேயோ போயிடுச்சு. டென்மார்க்குல ஜெயிச்சுது, இந்தோனேஷியால ஜெயிச்சுது, உலகத்துல ஏழாவது ஜோடி. சீட்டும் பின்னாடி பின்னாடி போச்சு. ஏழாவது வருஷம் கடைசிக்கு முந்தின வரிசை. கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி வெச்சாத்தான் எனக்குத் தெரியும். நான் பார்க்கறது தெரிஞ்சா கையை ஆட்டும்.

எட்டாவது வருஷம் வந்துச்சு. ஒலிம்பிக்ஸ் வருஷம். இங்கதான் நீங்க கவனமா கேக்கணும். ஒரு நாட்டுக்கு ரெண்டு ஜோடிதான் அனுப்பலாம். கொரியால மூணு ஜோடி உலகத்துல மொத பத்துக்குள்ள இருக்கு. அநியாயமா இல்ல? வேற நாட்டுல பொறந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போயிருக்கும். ரிம்மா ஜோடி மூணாவது. நம்ம மெட்ராஸ் கோப்பையை ஜெயிச்சா ரெண்டாவதுக்கு வந்துடும். அப்ப இருந்த மொழிபெயர்ப்பு மேடம்தான் சொன்னாங்க. இருபத்தஞ்சு வயசு. அடுத்த ஒலிம்பிக்ஸ்க்கு இருபத்தொம்பது. இந்த வேகத்துக்கு ஒடம்பு தாங்காது.

அந்த வாரம் பூரா ஜெயிச்சுக்கிட்டே வந்துச்சு. மீன் மார்க்கெட், ஜெயம். மீன் மார்க்கெட், ஜெயம். ஃபைனலுக்கு வந்துட்டாங்க.

அந்த வருஷம் டிவிக்காரங்க ஃபைனலைக் காலைல பத்து மணிக்கு வெச்சிட்டாங்க. மொத மேட்சே இவங்களது. எட்டே முக்காலுக்குக் கெளம்பி, ஒம்பது அஞ்சுக்குப் போய், முக்கா மணி நேரம் ஒடம்பைச் சூடு பண்ணணும்னு திட்டம். கெளம்பினோம். போற வழியில மந்திரி கான்வாய் மேடம். எழும்பூர் ரோட்டை மூடிட்டானுங்க. லேட்டாயிடுச்சு. ஒம்பது அம்பதுக்குத்தான் உள்ள போனாங்க. மூணாவது கேம் வரைக்கும் போச்சு, பதினேழு பதினேழு. ஒரு ஷட்டிலுக்குப் பின்னாடி எம்பிச்சு. குதிகால் நரம்பு அறுந்துடுச்சு. டப்புனு ஒரு சத்தம். நான் மேல கேலரில நின்னுக்கிட்டிருந்தேன், எனக்கே கேட்டுச்சு. அவ்ளோதான். அதுக்கப்பறம் அது எந்த டோர்னமென்டும் ஆடல.

விதி மேடம். நரம்புக்கெல்லாம் யாரு பொறுப்பாக முடியும்?

எந்த மந்திரியா? அது... யாரோ ஒருத்தர். கொடி வெச்ச கார். ஞாயித்துக்கெழமை காலைல மந்திரி எழும்பூர்ல இன்னா பண்ணாருன்னா நான் எப்படி சொல்றது? கல்யாணமா இருக்கும். மந்திரிங்க கல்யாணத்துக்குப் போக மாட்டாங்களா?

இந்த சிக்னல் எப்பவுமே இப்படித்தான். சைதாப்பேட்டை தாண்டிட்டா ஃப்ரீ.

அன்னைக்கு அந்தப் பொண்ணு ஓடின ஓட்டத்தைப் பார்க்கணும் மேடம். வண்டி நகரலன்னதும் கதவைத் தொறந்துக்கிட்டு எறங்கிடுச்சு. ஜோடிப் பொண்ணும் எறங்கிச்சு. ரெண்டு பேட் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, கால்ல ரப்பர் செருப்பு. ஷூ எல்லாம் பைக்குள்ள, அவங்க வண்டில செருப்புதான் போடுவாங்க. அந்த செருப்போட, கீழெல்லாம் ஐஸ் தண்ணி, வழுக்குது, ஓடுது பாருங்க, ஸ்டேடியம் வரைக்கும் ஓடிச்சு. வார்ம்-அப் இல்லாம ஆடினதாலதான் நரம்பு போச்சுன்னு கோச் எழுதிக் கொடுத்தாராம். ஒரு மைல் ஓடினது வார்ம்-அப் இல்லாம வேற இன்னாவாம்?

ஐஸா?

ஐஸ் தண்ணின்னா சொன்னேன்?

ம்.

இருங்க, அந்த லாரியை விட்டுட்டுப் பேசறேன்.

நீங்க நல்லா கேள்வி கேக்கறீங்க மேடம். கம்பெனில இருக்கறவங்க இல்லியா. மூணு வருஷமா இதை எத்தினி பேருகிட்ட சொல்லியிருக்கேன், டீக்கடைல, வீட்ல. யாரும் மந்திரி பேரைக் கேக்கல. எம்பொண்டாட்டி மட்டும் கேக்காமலே ஒரு மாதிரி பார்ப்பா.

சரி. எழும்பூர் ரோட்டுல அன்னைக்கு யாரும் வரல. நான் எழும்பூர் பக்கமே போகல. மீன் மார்க்கெட் பக்கம்தான் திருப்பினேன்.

நீங்க மெட்ராஸ்தானே? ஞாயித்துக்கெழமை காலைல ஒம்பது மணிக்கு சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? எனக்குத் தெரியாதா? புதுப்பேட்டைலயே பொறந்து வளர்ந்தவன். ஞாயித்துக்கெழமைன்னா கூடையோட நடந்து போயிதான் நானே மீன் வாங்குவேன், வண்டி எடுக்க மாட்டேன். கோப்பை ஜெயிச்ச வருஷம் ஃபைனல் சாயங்காலம், மார்க்கெட் காலி. அதான் அப்ப தெரியல. இந்தத் தடவை காலைன்னு தெரியும். தெரிஞ்சும் திருப்பினேன். ஒலிம்பிக்ஸ் மேடம்! அவ்ளோ பெரிய மேட்சுக்கு ராசியை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. எழும்பூர் வழியா போய் தோத்திருந்தா நான் என்னை மன்னிச்சிருக்கவே மாட்டேன்.

உள்ள பூந்து நூறடி போகல, ஐஸ் பொட்டி ஏத்தின மீன்பாடி வண்டி ஒண்ணு எதிர்ல கவுந்துடுச்சு. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அரை மணி நேரம். ஜனங்க மீனைப் பொறுக்கறாங்க, நான் ஹாரன் அடிக்கறேன், யாரு கேக்கறா? கோச் பியோன் வாட்சைப் பார்த்தாரு, மீனைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. கொரியா பாஷைல கத்த ஆரம்பிச்சிட்டாரு. எனக்கு வாயில வந்தது இங்கிலீஷ்ல மூணு வார்த்தைதான். "வீஐபி! ரோட் குளோஸ்!" எழும்பூர் பக்கம் கையைக் காட்டினேன்.

அப்பதான் ரிம்மா எழுந்து வந்துச்சு. அவருக்கும் எனக்கும் நடுவுல நின்னு, அவருகிட்ட என்னமோ சொல்லிச்சு. அவங்க பழக்கத்துல கோச்சை எதிர்த்துப் பேசறதுன்னா சாதாரணம் இல்ல, உங்களுக்குத் தெரியும். அப்பறம் மொழிபெயர்ப்பு மேடம்கிட்ட கேட்டேன், இன்னா சொல்லிச்சுன்னு. "எட்டு வருஷமா இவரு எங்களை ஒரு நாளும் லேட்டா கொண்டு போனதில்ல, ரோடு மூடினா இவரு என்ன செய்வாரு"ன்னு சொல்லிச்சாம். சொல்லிட்டு எம்பக்கம் திரும்பி, தலையைக் குனிஞ்சு, கோச் கத்தினதுக்கு அது மன்னிப்பு கேட்டுச்சு. எங்கிட்ட. அப்பறம்தான் எறங்கி ஓடிச்சு.

திங்கக்கெழமை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். சக்கர நாற்காலில உக்காந்திருந்துச்சு. கால் பூரா கட்டு. ரெண்டு கையாலயும் என் கையைப் புடிச்சிக்கிட்டு, இத்தினி வருஷம் எங்களைப் பத்திரமா கூட்டிட்டுப் போனீங்க, நன்றின்னு சொல்லிச்சு. பத்திரமான்னு சொல்லிச்சு மேடம். அப்பவே சொல்லியிருக்கலாம். நாற்காலியை கேட்டு வரைக்கும் தள்ளி விட்டுட்டு வந்துட்டேன். இன்னி வரைக்கும் அந்த மார்க்கெட்டுப் பக்கம் போக முடியல, எம்பொண்டாட்டிதான் போய் மீன் வாங்கறா.

ஏன் என்னை அம்பயர் வண்டில போட்டாங்கன்னு தெரியலன்னு சொன்னேன்ல? தெரியும். கோச் போலீஸ்ல விசாரிச்சிருப்பாரு. ஜெயசீலன் பாவம், அவன் இன்னா செய்வான்.

தோ, ஏர்போர்ட் வந்துடுச்சு. ரெண்டாவது விஷயம் ஒண்ணு இருக்குன்னேன்ல. இந்த வருஷம் டீம் லிஸ்டுல பார்த்தேன், ஜூனியர் கோச்னு போட்டு, ஓக் ஹே-ரிம். நான் தப்பாப் படிக்கறேனோன்னு எம்பொண்ணை விட்டுப் படிக்கச் சொன்னேன். அதான் உங்க ட்யூட்டியைக் கேட்டு வாங்கினேன். ஒரு வாரம் கொரியா வண்டி ஓட்டினா, ஒரு நாளு இல்லன்னா ஒரு நாளு, நல்ல நேரம் பார்த்து, மெதுவா சொல்லிடலாம்னு நெனச்சேன்.

ஆனா ஒரு வாரம் ஓட்டினா ஒரு வாரமும் சொல்ல மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். கையை ஆட்டும், நானும் கையை ஆட்டிட்டு வண்டியை எடுப்பேன். அதனால வண்டி வேணாம் மேடம். ஜெயசீலனே ஓட்டட்டும். இன்சார்ஜ்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. எனக்கு உங்க வாய் மட்டும் போதும், ரெண்டு நிமிஷம். சொன்னா ஆயுசுக்கும் கொரியா வண்டில என்னை ஏத்த மாட்டாங்க. பரவால்ல. அம்பயருங்களும் மனுஷங்கதானே.

வாங்க, இந்தப் பக்கம் நிக்கலாம், இங்கேர்ந்து பார்த்தா கதவு தெரியும். ஜெயசீலன் போர்டைத் தலைகீழாப் புடிச்சிக்கிட்டு நிக்கறான் பாருங்க.

அதோ. நீல சட்டை போட்ட சின்னப் பொண்ணுங்களுக்குப் பின்னாடி, ட்ராலியைத் தள்ளிக்கிட்டு. அதான். கால் லேசா இழுக்குது, பார்த்தீங்களா? கொஞ்சம்தான். பார்த்துடுச்சு. என்னைப் பார்த்துடுச்சு மேடம். ட்ராலியை விட்டுட்டு வருது. ஐயோ, குனியுது பாருங்க, எனக்குப் போய்.

மேடம், நான் தமிழ்ல சொல்றேன், நீங்க அப்படியே மாத்திச் சொல்லுங்க. நடுவுல எதையும் அழகு பண்ணாதீங்க. அது ஜெயிக்கணும்னுதான் அந்த வழியா வந்தேன்னு சொல்லுங்க. இல்ல, வேணாம், அதை விட்டுடுங்க. ராசி, மீன் மார்க்கெட் எல்லாம் அப்பறம் அது கேட்டா சொல்லிக்கலாம். மொதல்ல இதை மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு ரோடு தொறந்துதான் இருந்துச்சு.